இருபதாயிரம் ரூபாயில் எவ்வளவு வானம்?

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் நாற்பத்திரண்டு வீடுகள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04 மணிக்கு சந்திரயான்-3இன் விக்ரம் கலம் நிலவின் தென் துருவத்தருகே இறங்கியபோது, கீழ்த்தளக் கூடத்தில் ஒரே டிவி முன்னால் எழுபது பேராவது நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கைதட்டல் ஓய்ந்த பிறகும் யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கூட்டமாக மொட்டை மாடிக்கு ஏறினோம். தெற்கே ஏறக்குறைய அரைநிலா நின்றது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "அதில் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது?" என்று கேட்டது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிலாவின் எந்த ஓரம் தெற்கு என்று விரல் நீட்டிக் காட்டத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அடுத்த தை மாதம், பொங்கல் விழாக் கணக்கில் இருபதாயிரம் ரூபாய் மிஞ்சியது. அதை வானத்தையும் அறிவியலையும் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகச் செலவிடுவது என்று சங்கக் கூட்டத்தில் முடிவானது. எப்படி என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. தொலைநோக்கி வாங்கலாம் என்றார் ஒருவர். கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போகலாம் என்றார் இன்னொருவர். காவலூர் வான்காணகம், பைனாகுலர், தினம் ஒரு செய்தி அனுப்பும் வாட்ஸ்அப் குழு என்று பட்டியல் நீண்டது. விசாரித்து, ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. இதேபோல் யோசித்துக்கொண்டிருக்கும் வாசகசாலைக்கோ, குடியிருப்புக்கோ, தெருவுக்கோ பயன்படும் என்றுதான் நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன். அறிவியல் படிக்காதவருக்கும், முழங்கால் வலிக்காரருக்கும், இரண்டாவது ஷிப்ட் முடித்து இரவு பத்தரைக்கு வருபவருக்கும் அது கிடைக்க வேண்டும். ஒரு நாள் கொண்டாட்டமாக முடிந்துவிடவும் கூடாது.

கோளரங்கத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் 1988 முதல் இயங்கிவரும் பிர்லா கோளரங்கம் நம் நகரத்தின் சொத்து. பட்டப்பகலில் இரவைக் காட்டும் கூடம் அது. விளக்கம் தமிழிலேயே கிடைக்கிறது. சாய்ந்து உட்கார்ந்தபடி பார்க்கலாம். மழைக்கும் மேகத்துக்கும் பயமில்லை. வயதானவர்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை. வேன், டிக்கெட், சிற்றுண்டி எல்லாம் சேர்த்து நாற்பது பேருக்கு எட்டாயிரத்துக்குள் அடங்கும் என்று கணக்கு வந்தது. பக்கத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகம் இருப்பதால் பிள்ளைகளை அங்கேயும் ஒரு மணி நேரம் விடலாம்.

அங்கே நான் முன்னோட்டமாக ஒரு குடும்பத்தை அழைத்துப் போனேன். குவிமாடம் முழுவதும் விண்மீன்கள் நிறைந்தபோது அந்த வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவர் கேட்டது: "இதில் நம் மாடியில் எத்தனை தெரியும்?" உண்மையைச் சொன்னேன். மிகச் சில. அவர் முகம் சற்று வாடியது. கோளரங்கம் வேண்டும், ஆனால் அது முதலில் வேண்டாம் என்று அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது. குவிமாடத்தின் வானத்தைப் பார்த்துவிட்டு வருபவருக்குச் சென்னை வானம் ஏழையாகத் தெரியும். மாடியில் பத்து விண்மீன்களைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டவர் குவிமாடத்துக்குள் போனால், அந்தப் பத்தையும் அங்கே தேடிப் பிடிப்பார். மற்ற ஆயிரமும் அவற்றின் உறவினர்போல வந்து சேரும். செலவு ஒன்றுதான், வரிசையை மாற்றினால் பலன் வேறு.

காவலூருக்கு ஆசைப்படாதவர் யார்? ஜவ்வாது மலைக் காட்டுக்குள், நகர வெளிச்சத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர். எனக்கு அதைவிடப் பிடித்தது அங்கிருக்கும் பழைய ஒரு மீட்டர் தொலைநோக்கியின் கதை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடக்க இருந்தது. கோள் வந்து சேருவதற்கு முன்பே அந்த விண்மீன் கணநேரம் மங்கி மீண்டது. கண்ணுக்குத் தெரியாத வளையம் ஒன்று குறுக்கே போயிருந்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது. அந்த மங்கலைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் தமிழ்நாட்டு மலையில் நடந்தது இது! ஆனால் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வேன் வாடகையாக மட்டும் பதினைந்தாயிரம் கேட்டார்கள். பதினெட்டுப் பேர் போகலாம். அன்று மேகம் மூடினால் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஓராண்டு வானம் பழகியவர்களுக்கு அது யாத்திரை. தொடங்குபவர்களுக்கு ஏற்றதல்ல.

தொலைநோக்கிக்குத்தான் கூட்டத்தில் ஆதரவு அதிகம். ஆகவே அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

அது காட்டுவதை வேறு எதுவும் காட்டாது. வானியல் ஆர்வலர் ஒருவர் தன் தொலைநோக்கியை ஒரு மாலை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து சனியைக் காட்டினார். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநர் கண்ணை எடுக்காமலே, "இது எப்போதும் இப்படியேதான் அங்கே இருக்கிறதா? நான் சவாரி போகும் நேரத்தில்கூட?" என்று கேட்டார். வளையத்தைப் பைனாகுலரில் காண முடியாது. அதற்குத் தொலைநோக்கிதான்.

ஆனால் அன்றைய மாலையை முழுக்கச் சொல்கிறேன். மாடியில் முப்பத்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். பூமி சுழல்வதால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. நிமிடத்துக்குக் கால் பாகை. நூறு மடங்கு பெரிதாக்கும்போது கண்ணில் படும் வட்டம் அரைப் பாகைதான். அதன் நடுவில் நிறுத்திய சனி ஒரு நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும். ஒருவர் பார்த்து, "எங்கே, ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி குனிவதற்குள் கோள் நழுவிவிடும். அந்த ஆர்வலர் ஒன்றரை மணி நேரமும் குனிந்து திருப்பியபடியே இருந்தார். அவர் இல்லாத நாளில் அதை இயக்க எங்களில் யாரும் இல்லை. சிறுவர்களுக்கு ஸ்டூல் வேண்டும், பெரியவர்களுக்குக் குனிய முடியாது, ஸ்டூலில் ஏறும் பிள்ளை கையை ஊன்றுவது தொலைநோக்கியின் மேல்தான்.

அடுத்தது நம் ஊரின் காற்று. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் லென்ஸின் உள்ளே பூஞ்சை பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆசையாக வாங்கிய தொலைநோக்கி அலமாரிக்குள் மூன்று மழைக்காலம் கிடந்து, திறந்தபோது கண்ணாடி முழுவதும் சிலந்தி வலைபோல வெண்ணிழைகள் படர்ந்திருந்தன. பிரதிபலிப்பு வகையில் ஆடிகளை அவ்வப்போது நேர்செய்யவும் வேண்டும். பிள்ளைகள் பழகினால் செய்துவிடக் கூடிய வேலைதான். பழக்கிவிட ஓர் ஆள் வேண்டும்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்துக்கு எல்லை. ஐம்பது மில்லிமீட்டர் குழாயில் நூறுக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும். விட்டத்தைக் கேளுங்கள், தாங்கி ஆடுகிறதா என்று தட்டிப் பாருங்கள். எங்கள் இருபதாயிரத்தில் 130 மில்லிமீட்டர் ஒன்று கிடைத்திருக்கும். வேறு எதற்கும் பைசா மிஞ்சியிருக்காது.

ஆகவே நான் பைனாகுலரைப் பரிந்துரைத்தேன். கூட்டத்தில் கொஞ்சம் ஏமாற்றம் எழுந்தது. "கிரிக்கெட் பார்ப்பதற்கு வாங்குவதுதானே அது?" என்றார் பொருளாளர்.

10×50 என்று எழுதியிருக்கும் வகை. பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர். முக்கால் கிலோவுக்கு மேல் கனம் இருக்கும். வெறும் கையில் பிடித்தால் வானம் நடுங்கும். மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும், அல்லது பாய் விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படுத்துப் பார்ப்பதுதான் சுகம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. தங்கள் பார்வைக்கேற்பத் திருகிக்கொள்ள ஐந்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்கிறது. பகலில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதன் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். இதைப் பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

என்ன தெரியும்? முழுநிலாவைப் பார்க்காதீர்கள், அது வெறும் வெளிச்சம். அரைநிலாவை, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே பாருங்கள்: பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை, பல பத்தாகப் பெருகும். மிருகசீரிடத்தையும் திருவாதிரையையும் உள்ளடக்கிய வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடைவாளில் புகைபோல ஒரு திட்டு தெரியும். 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது. சென்னை வெளிச்சத்தில் பால்வீதி தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலாவையும் கோள்களையும் எந்தத் தெருவிளக்காலும் மறைக்க முடியாது. நாம் 13 பாகை அட்சத்தில் இருப்பதால் அவை நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகின்றன. ஐரோப்பாவில் இருப்பவர் அடிவானத்துப் புகையூடே தேடுவதை நாம் பாயில் படுத்துப் பார்க்கிறோம்.

வியாழனைச் சொல்லாமல் விட முடியாது. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகளைக் கண்டார். ஒரு வாரத்துக்குள் நான்கு என்று தெளிந்தார். பூமியைச் சுற்றாமல் வேறொன்றைச் சுற்றும் பொருள்கள் உண்டு என்பதை மனிதன் கண்ணால் கண்டது அந்த வாரத்தில்தான். அவருடைய குழாய் ஏறத்தாழ இருபது மடங்கு; எங்களுடையது பத்து. ஆனால் லென்ஸ் அவருடையதைவிட அகலம், தெளிவு. ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவனுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தோம். நடுவில் ஒரு வட்டம், அதன் இருபக்கமும் தெரிகிற புள்ளிகள், கீழே தேதியும் நேரமும். பதினாறு இரவு வரைந்தான். இரண்டு இரவு மேகம். சில நாள் நான்கு, சில நாள் மூன்று, ஒரு நாள் இரண்டே இரண்டு. கோளுக்கு மிக அருகில் சுற்றும் அயோ என்ற நிலா பல இரவுகளில் கோளின் ஒளியிலேயே கரைந்துவிடும். பக்கங்களை வேகமாகப் புரட்டிக் காட்டியபோது புள்ளிகள் ஆடின. "தூரத்தில் இருப்பது மெதுவாகப் போகிறது, கிட்டே இருப்பதுதான் ஓடுகிறது" என்றான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. அயோவுக்கு ஒரு சுற்று 42 மணி நேரம், வெளியே இருக்கும் காலிஸ்டோவுக்கு ஏறக்குறைய 17 நாள் என்று பிறகுதான் சொன்னேன்.

இன்னொரு மாலை. மாசி மாத வளர்பிறை, பாதியைத் தாண்டிய நிலா தலைக்கு மேல். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் அன்று ரோகிணி நட்சத்திரம் என்று போட்டிருந்தது. காலண்டர் சொல்வது வேறொன்றுமில்லை: அன்று நிலா வானத்தில் அந்த விண்மீன் இருக்கும் பகுதியில் நிற்கிறது. ஒரே ஒரு தாள் கிழித்தால் போதும், நிலாவின் முகவரி கிடைத்துவிடும். இதை எத்தனை பேர் அறிவார்கள்? நிலாவுக்குப் பக்கத்தில் இருந்த செந்நிற மீனைக் காட்டி, "அதுதான் ரோகிணி" என்றேன். இரண்டாம் மாடி அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னுடைய நட்சத்திரம். அறுபத்தைந்து வருடமாகக் கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

ரோகிணி நம்மிடமிருந்து ஏறத்தாழ 65 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. "இப்போது உங்கள் கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து கிளம்பியது நீங்கள் பிறந்த சமயத்தில்தான் அம்மா. இவ்வளவு காலமும் வழியில் இருந்திருக்கிறது" என்றேன். பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். "அப்படியானால் இன்றைக்கு அது அங்கே இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கும், விண்மீனின் ஆயுளில் 65 ஆண்டு ஒரு கண்ணிமைப்பு என்று சொன்னேன். பதில் சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வியை அவர் தானாகக் கேட்டதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. சுவாதிக்காரர்களுக்கு 37 ஆண்டு, சித்திரைக்கு ஏறத்தாழ 250. அந்த வாரம் வீட்டுக்கு வீடு நட்சத்திரக் கணக்குத்தான்.

எஞ்சியிருப்பது வாட்ஸ்அப் குழு. செலவே இல்லை, ஆறு மாதம் நடத்தியும் பார்த்தோம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் அழகாக வந்தன, கூடவே தவறான விளக்கங்களும் வந்தன. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நாம் காணும் நிறங்களாக மாற்றித் தருகிறார்கள் என்ற ஒரு வரிகூட இல்லாமல் படம் மட்டும் சுற்றும். ஆகஸ்ட் பிறந்தால், செவ்வாய் நிலா அளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்ற பழைய புரளி தவறாமல் வந்துவிடும். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் சுமார் அறுபதாயிரம் ஆண்டுகளில் காணாத நெருக்கத்துக்கு வந்தது உண்மை. அன்றும் அது வெறுங்கண்ணுக்கு ஒரு பிரகாசமான புள்ளிதான். மறுப்பு எழுதுவேன். யாரும் படிப்பதில்லை.

அதற்குப் பதிலாக லிஃப்ட் அருகே ஒரு கரும்பலகை மாட்டினோம். ஒரே விதி: அன்று மாலை சொந்தக் கண்ணால் சரிபார்க்க முடிகிற விஷயம் மட்டுமே எழுத வேண்டும். "இன்று 6:52, வடமேற்கிலிருந்து தென்கிழக்கு, நான்கு நிமிடம். கண்சிமிட்டாத வெள்ளைப் புள்ளி. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள்." சர்வதேச விண்வெளி நிலையத்துக்காக எழுதியது இது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் அதைப் பார்க்க, மாவரைத்த கையோடு ஓடிவந்தவர்கள் உண்டு.

இந்த நகரத்துக்கு இது புதிய பழக்கமும் அல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த மதராஸ் வான்காணகத்திலிருந்துதான் 1861-இல் நார்மன் போக்சன் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டார். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9 அன்று சூரியன் முகத்தில் வெள்ளி ஒரு கரும்புள்ளியாகக் கடக்கப்போவதை, நம் மக்களுக்கு இந்திய மொழிகளில் சிறுநூல் எழுதி முன்கூட்டியே விளக்கினார். முன்கூட்டியே என்பதுதான் அதில் முக்கியம். நடந்து முடிந்ததைச் சொன்னால் செய்தி. நடக்கப்போவதைச் சொன்னால் ஆட்கள் மாடிக்கு வருகிறார்கள். அந்த வான்காணகத்தின் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு.

பணமே தேவைப்படாத இரண்டைப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை, நானே சேர்த்தேன். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள். ஏப்ரலில் நண்பகல் 12:07 வாக்கில், ஒரு முழ நீளப் பிவிசி குழாயை மாடித் தரையில் செங்குத்தாக நிறுத்தினோம். அதன் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காலடிக்குள் போய்விட்டது. குழாயின் உள்ளே எட்டிப் பார்த்தால் தரையில் முழு வட்ட வெயில். டெல்லிக்காரர்கள் அவர்கள் ஊரில் இதை ஒருநாளும் காண முடியாது. மற்றொன்று ஸ்ரீஹரிகோட்டா. நமக்கு நேர் வடக்கே இருக்கிறது. பார்வையாளர் மாடத்துக்குப் பதிவுசெய்து போவதும் நல்லதுதான், ஏவுதல் தள்ளிப்போனால் ஒரு நாள் வீண். எங்கள் மாடியிலிருந்தே, ஏவிய சற்று நேரத்தில் வடக்கு வானில் ஒரு நெருப்புக் கோடு எழுகிறது. இரவு ஏவுதல் என்றால் விட்டுவிடாதீர்கள்.

முடிவில் பைனாகுலருக்கு 9,400, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கும் காற்றுப் புகாத பெட்டிக்கும் 350, பலகைக்கும் சுண்ணக்கட்டிக்கும் நோட்டுகளுக்கும் 650. எட்டு மாதம் மாடியில் பழகிய பிறகு நாற்பது பேர் கோளரங்கம் போனோம், 7,600. மீதி இரண்டாயிரம் காவலூர் உண்டியலில் இருக்கிறது. பைனாகுலர் பெட்டி காவலாளி அறையில். பேரை எழுதிவிட்டு யாரும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஷிப்ட் முடித்து வருபவர்தான் அதை அதிகம் எடுக்கிறார் என்று பதிவேடு சொல்கிறது.

பலகையில் எழுதும் வேலையை இப்போது இரண்டாம் மாடி அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார். காலண்டரைக் கையில் பிடித்தபடி, நேற்று அவர் எழுதியது: "நாளை கார்த்திகை. நிலாவுக்குப் பக்கத்தில் பைனாகுலரில் எண்ணி, எத்தனை என்று கீழே எழுதுங்கள்." காலையில் பார்த்தபோது, ஒரு நாள் முந்தியே யாரோ எழுதியிருந்தார்கள்: 31.